சூடு ஏறும் நேரம்

ஜனவரி 14

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை எழுத ஓடாது. இத்தனை வருடமாக ஒரே சலவை ஆலையில், போர்வை தேய்க்கிற ஒரே உருளை இஸ்திரியின் முன்னால் நின்றவள் நான். எனக்கு மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதியில்லை என்று ஆலை எழுதிக் கொடுத்துவிட்டது. என் பெயரோடு சேர்ந்து உன் அத்தானின் இடுப்பு மூட்டு ஆபரேஷனும் போயிற்று.

புதுச் சட்டம் உனக்குத் தெரிந்திருக்கும், நீயும் ஒரு முதலாளிதானே. ஐம்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர், வாரத்துக்குச் சராசரி முப்பது மணி நேரம் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும், அவர் குடும்பத்துக்கும் காப்பீட்டுப் பணம் கட்ட வேண்டும். செய்தி வந்த அன்றைக்கு உன் அத்தான் மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்தபடியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி விசிலடித்தார். டாக்டரிடம் தேதிகூடப் பேசிவிட்டோம்.

எங்கள் சின்ன முதலாளி (நாங்கள் வைத்த பெயர் கால்குலேட்டர்) எல்லோரையும் கூட்டி, "வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம். ஆனா எல்லாருக்கும் முப்பத்தொன்னு வரும், யாரும் பயப்படாதீங்க" என்றான். கூலி குறைந்தது. காப்பீடு வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டோம். இப்போது பார்த்தால் மடிப்புப் பிரிவில் எல்லோர் பெயரும் இருக்கிறது. உருளையில் நிற்கிற ஆறு பேர் பெயர் மட்டும் இல்லை. கேட்டால், "உங்களுக்கு முப்பது வரலியே" என்கிறான். எப்படி வராமல் போயிற்று என்பதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

உன் அத்தான் கீழே இறங்கி ரொம்ப நாளாயிற்று. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் காய் வாங்குகிறார். தபால்காரரும் கடிதத்தை அதிலேயே போட்டுவிடுகிறார். "எனக்கு லிஃப்ட் கெடையாது, என் உருளைக்கிழங்குக்கு உண்டு" என்று சிரிக்கிறார். பேருந்து ஓட்டி ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர்.

போனில் ஏன் பேசவில்லை என்று கேட்காதே. போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி நலமா? பட்டறை ஓடுகிறதா?

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்று எரிச்சலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அத்தானை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. அவர் விசில் சத்தம் என் காதிலேயே இருக்கிறது. சின்ன வயதில் அவர் வண்டியில் எனக்கு மட்டும் டிக்கெட் கிடையாது.

கால்குலேட்டரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். அவன் அப்பாவிடம் நானும் வேலை பார்த்தவன்தானே. பள்ளிக்கூடம் விட்ட கையோடு உன் பக்கத்தில் நின்று, துணி ஒட்டாமலிருக்க உருளைக்கு மெழுகுத் துணி போட்டது மறக்குமா?

ஆனால் அக்கா, இந்தச் சட்டம் எங்களையும் படுத்துகிறது. பட்டறையில் ஐம்பத்து மூன்று பேர். மருந்துப் புட்டி மூடியில் என்ன லாபம் வரும் என்று உனக்குத் தெரியும். எதிர்ப்பட்டறைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பட்டறைக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர், வாசலில் இரண்டு பெயர்ப்பலகை. இந்தப் பக்கம் அவர் முதலாளி, அந்தப் பக்கம் அவர் மச்சினன் முதலாளி. இரண்டு பக்கமும் ஐம்பதுக்குக் கீழே. சட்டம் அவரைத் தொடாது. மூடியை என்னைவிட மலிவாகக் கொடுக்கிறார். மருந்துக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவரிடம் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன். "ஆளுங்களுக்குக் காப்பீடு கட்டுறது உங்க பெருமை சார். அந்தப் பெருமைய எங்க பில்லுல போடாதீங்க" என்றார்.

என்ன ஆனாலும் நான் கட்டத்தான் போகிறேன். ஆட்களிடமும் சொல்லிவிட்டேன். ஏழாம் மெஷினில் நிற்கிற பெண்ணின் பிள்ளைக்கு மூச்சுத்திணறல். சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் என் மேஜையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அதை உரித்துத் தின்ன எனக்கு மனசு வரவில்லை.

அத்தான் செலவுக்கு ஏதாவது அனுப்பட்டுமா? வேண்டாம் என்று சொல்லாதே.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம், கோபத்தைத் தவிர. திருட்டு பிடிபட்டுவிட்டது. களவு போனது எங்கே என்று தெரிந்தால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய்.

நேற்று கால்குலேட்டர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"நீங்க காலையில எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"நீ தூங்கிட்டு இருக்கும்போது."

"சரி, பெட்டியில நேரக் கார்டு எப்ப அடிக்கிறீங்க?"

"மொதப் போர்வை உருளைக்குள்ள போகும்போது."

"அப்ப அதுக்கு முன்னாடி நீங்க வேலை பார்க்கலன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அப்பா நமக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சூடு ஏறுற நேரம் நம்ம நேரம். மொதத் துணி போகும்போதுதான் முதலாளி நேரம்." அப்பா போனபிறகும் அதை விடவில்லை நான். தினமும் அரைமணி நேரம் முன்னாலேயே போவேன். நீராவியைத் திறப்பேன். உருளையைத் துடைத்து மெழுகு போடுவேன். கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். அதன் பிறகுதான் கார்டு அடிப்பேன். நான் பழக்கிவிட்ட மற்ற ஐந்து பேரும் அப்படியே. மடிப்புப் பிரிவில் வாசலை மிதித்ததும் கார்டு அடிக்கிறார்கள், அவர்களுக்கு முப்பத்தொன்று வருகிறது. எங்களுக்கு இருபத்தெட்டு. ஆறு நாளைக்கு அரைமணி வீதம் மூன்று மணி நேரம் அந்தரத்தில் நிற்கிறது. நாங்கள் அங்கே இருந்தோம், வியர்த்தோம். ஆனால் கார்டைக் கேட்டால் நாங்கள் வீட்டில் இருந்தோமாம்.

எவ்வளவு சுலபமான திருட்டு பார். யாரையும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டாம். நடுவில் சுவர் கட்ட வேண்டாம். இரண்டு பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம். ஆட்களை மெஷினுக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்கவைத்துவிட்டு அப்புறம் கார்டு அடிக்கச் சொன்னால் போதும், காப்பீடு ஆவியாகப் போய்விடும். உன் எதிர்ப்பட்டறைக்காரருக்கு இது தெரிந்திருந்தால் பலகைச் செலவு மிச்சம்.

பெருமை என்று நினைத்து நானே கொடுத்த அரைமணி நேரத்தால் உன் அத்தானை ஜன்னலில் கட்டிப்போட்டுவிட்டார்கள். இதை நான் சும்மா விடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அந்தச் சட்டத்தையே கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள், போர்வை ஓரத்து அடையாள எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிக்கக் கற்றவள். சட்டம் அதைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அழுக்கும் கூடுதல்.

பணம் அனுப்பாதே. எனக்கு வேண்டியது என் மணி நேரம்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு மெஷின் பழுது, அச்சு மாற்றினோம், அது இது என்று நாட்கள் ஓடிவிட்டன.

அத்தான் பெயருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். பாதிச் செலவுக்காவது வரும். மீதியும் மெதுவாக அனுப்புகிறேன். தம்பி பணம் என்று நினைக்காதே, டிக்கெட் வாங்காமல் ஏற்றிச் சென்றாரே, அதற்கு என்று வைத்துக்கொள்.

இங்கே பட்டறை விஷயம் ஒரு வழியாகச் சரியாகிவிட்டது. யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. சுவரும் கட்டவில்லை. எல்லோரும் இருக்கிறார்கள், மூடியும் போகிறது.

ஒன்று சொன்னால் கேட்பாயா? இந்தச் சண்டையை விட்டுவிடு அக்கா. பழைய வழக்கம் என்று வந்துவிட்டால் சட்டத்தில் நிற்காது. விசாரித்துத்தான் சொல்கிறேன். உன் வயதில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

நாங்கள் நலம். பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருத்தப்படாதே. உன் மனசு தங்கம் என்று உன் அத்தான் சொன்னார், நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆலை தரவேண்டியதை நீ தந்தால் ஆலை தப்பித்துக்கொள்ளும்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. முதலில் என்னை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் எழுந்து போயிருப்பேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. வந்து பார்த்தார், அதே நாற்காலியில் இருந்தேன்.

"அந்த அரைமணி நேரம் உங்களை யாராவது வரச் சொன்னாங்களாம்மா?"

"சூடு ஏறாம துணி போட்டா கருகிப்போகும். யாரு சொல்லணும்?"

"நீங்களா விரும்பிச் செஞ்சா அது வேலை நேரத்துல வராது. முதலாளி சொல்லிச் செஞ்சா வரும். சொன்னதுக்குச் சாட்சி இருக்கா?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சாட்சி இருக்கிறது, தம்பி. நீதான்.

பெரிய முதலாளி வாசலில் நின்று கத்துவாரே, "சூடு ஏறினப்புறம் அடிங்கடா கார்ட! ஆவிக்கெல்லாம் நான் கூலி குடுக்க முடியாது!" வேலைக்கு வந்த முதல் வாரம் நீ தெரியாமல் முன்னாலேயே அடிக்கப்போய், அவர் உன் மணிக்கட்டில் ஒன்று போட்டார். நீ அழுதாய். அன்றைக்குச் சாயங்காலம்தான் அப்பா நம் இருவரையும் உட்காரவைத்து, சூடு ஏறுகிற நேரம் நம்ம நேரம் என்று சொன்னார். பிள்ளை அடிவாங்கியதைப் பெருமையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். வேறு என்ன செய்வார்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகவேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் உருளையில் நின்றவர்களில் நானும் நீயும்தான் மிச்சம். நான் வழக்குக்காரி, என் பேச்சு எடுபடாது. நீ ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. "முதலாளி உத்தரவின்பேரில்தான் சூடு ஏற்றிய பிறகு கார்டு அடித்தோம், அந்த நேரத்தில் செய்ததும் வேலைதான்" என்று இருந்தால் போதும்.

வந்த மறுநாளே வழக்கத்தை மாற்றிவிட்டேன். வாசலை மிதித்ததும் கார்டு, அப்புறம்தான் நீராவி. முதல் நாள் கார்டை அடிக்கும்போது அப்பாவுக்கு எதிராக ஏதோ செய்வதுபோல இருந்தது. கால்குலேட்டர் பார்த்துக்கொண்டே நின்றான். "இனிமே முன்னாடி வந்தா அது உங்க விருப்பம்னு எழுதிக் குடுங்க" என்றான். "ஒன் அப்பா கத்துனத நீ எழுதிக் குடு, நானும் எழுதித் தர்றேன்" என்றேன்.

உன் வயிற்றுக்கு ஏதாவது மருந்து எடுத்தாயா? சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 8

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. இருந்தால் உன் வீட்டுக்காரியை எழுதச் சொல்.

இங்கே உன் அத்தான் ஒரு காரியம் செய்தார். நான் வேலைக்குப் போன பிறகு, தானே கீழே இறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நான் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து இறங்கியவர்களெல்லாம் கேட்டதற்கு, "காத்து வாங்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். காய்கறிக்காரரும் எங்கள் மடிப்புப் பிரிவுப் பெண் ஒருத்தியும் நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்தார்கள். வழி நெடுகச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணைக்குத் தேதி போட்டுவிட்டார்கள். ஜூலை முப்பது. அதிகாரி அம்மா ஒன்று கேட்டார்: "இந்த வழக்கம் வேற எங்கயாவது இருக்காம்மா? ரெண்டு எடத்துல இருந்தா இது ஒரு ஆலையோட விஷயம் இல்ல, மேல எழுதலாம்." விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உன் பக்கத்துப் பட்டறைகளில் கேட்டுப் பார்.

உன் கடிதம் இல்லாமல் நான் அங்கே போய் என்ன பேசுவது? ஒரு பக்கம்தானே கேட்டேன்.

அக்கா


ஜூன் 21

மதிப்புக்குரிய அண்ணிக்கு உங்கள் தம்பி மனைவி எழுதுவது.

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் தம்பிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள். வயிற்று எரிச்சல் மட்டும் அதிகமாகிவிட்டது, தூக்கமும் சரியில்லை. உங்கள் கடிதங்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், "அக்கா வழக்கம்போலத் திட்டுறா" என்கிறார். எனக்குக் காட்டுவதில்லை. பதில் எழுத உட்காருகிறார், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அதனால் நானே எழுதுகிறேன், அவரிடம் சொல்லவில்லை.

பட்டறையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வருட ஆரம்பத்தில் மூடிவிடும் நிலைமை. இப்போது அந்தக் காப்பீட்டுச் சுமை இல்லை. ஆட்களுக்குச் சராசரி முப்பது வரவில்லையாம், அதனால் கட்டவேண்டியதில்லை என்று சொன்னார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. மாசி பங்குனி வாக்கில் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு புது ஒழுங்கும் கொண்டுவந்தார். வாசலில் இருந்த கார்டுப் பெட்டியை உள்ளே மாற்றிவிட்டார், மெஷினில் பிளாஸ்டிக் உருகுகிற சூடு வந்த பிறகுதான் கார்டு அடிக்க வேண்டும். எல்லோரையும் நிற்கவைத்து, "இது எங்கப்பா எங்களுக்குச் சொல்லிக்குடுத்த ஒழுங்கு. எங்கக்கா இன்னிக்கும் அப்படித்தான் பண்றாங்க" என்று உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் மெஷின் பெண் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாளாம். முன்னெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிப்பாள்.

அண்ணன் மாடிப்படியில் சிக்கிக்கொண்டதை மட்டும் சொன்னார், இனி இறங்கவிடாதீர்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் உங்கள் தம்பிக்கு மனசு லேசாகும்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 28

தம்பிக்கு,

நலம் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே, தான் என்ன எழுதினோம் என்று அந்த வெள்ளை மனசுக்குத் தெரியாது.

என் கடிதத்தைப் புலம்பல் என்று நீ படித்திருந்தால் பொறுத்திருப்பேன். நீ அதைப் பாடமாகப் படித்திருக்கிறாய். எவ்வளவு சுலபமான திருட்டு பார் என்று நான் வயிறெரிந்து எழுதினேன். அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், ஐம்பத்து மூன்று பேரை நிற்கவைத்து அதையே செய்திருக்கிறாய். கால்குலேட்டராவது தன் அப்பா போட்ட உத்தரவில் பிழைக்கிறான். நீ என் கண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டாய்.

அத்தோடு விட்டாயா? அப்பாவை இழுத்தாய். அடிபட்ட உன் மணிக்கட்டை ஆற்றுவதற்கு அந்த மனுஷன் சொன்ன வார்த்தையை எடுத்து அடுத்தவர் மணிக்கட்டில் போட்டாய். என்னையும் இழுத்தாய். எங்கக்கா இன்னிக்கும் அப்படித்தான் பண்றாங்க என்று சொன்னாயாமே. எங்கக்கா இன்றைக்கு அப்படிப் பண்ணுவதில்லை. வாசலை மிதித்ததும் கார்டு அடிக்கிறாள். அதையும் போய்ச் சொல்.

மார்ச் மாதம் நீ அனுப்பிய பணம் யாருடையது? அந்தப் பிள்ளை மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா மெஷின் முன்னால் கணக்கில்லாமல் நின்ற நேரம் அது. அதைத்தான் அத்தானுக்கு டிக்கெட் காசு என்று அனுப்பினாயா? நல்லவேளை, என் முரட்டுத்தனத்தால் திருப்பி அனுப்பினேன்.

நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும். எழுது.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும்.

நான் காப்பீடு கட்டினால் இந்த வருடத்துக்குள் பட்டறையை மூட வேண்டும். உட்கார்ந்து, கணக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூடிவிட்டால் ஏழாம் மெஷின் பெண்ணுக்குக் காப்பீடும் இல்லை, கூலியும் இல்லை. ஐம்பதுக்குக் கீழே இருப்பவனைச் சட்டம் தொடுவதில்லை. ஐந்நூறு பேர் வைத்திருப்பவனுக்கு இது கொசுக்கடி. நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் கழுத்தில்தான் கயிறு. எதிர்ச்சுவரைப் பார்த்து ஒரு அதிகாரியும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால் நானும் யோக்கியன். அப்படிச் செய்ய மனசு வராததால் இதைச் செய்தேன். நீ வாழ்நாளில் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை அக்கா. மாதக் கடைசியில் ஐம்பத்து மூன்று முகம் உன் வாசலில் வந்து நிற்பது என்னவென்று உனக்குத் தெரியாது.

உனக்கு நான் எழுதிக் கொடுக்கிற காகிதம் நாளைக்கு என் வாசலுக்கே வரும். சூடு ஏற்றுவது வேலை என்று என் கையெழுத்தே சொல்லும். அப்புறம் நான் என்ன பேச முடியும்?

அத்தானின் முழுச் செலவையும் நான் ஏற்கிறேன். வீட்டை அடமானம் வைத்தாவது செய்கிறேன், பட்டறைப் பணம் வேண்டாம். அவர் எழுந்து நடக்கட்டும். கையெழுத்தை மட்டும் கேட்காதே.

தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டை அடமானம் வைப்பதாக நீ எழுதியதைக் கேட்டுக் கூடைக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். "நடக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா அவன் வீட்ட மிதிச்சுக்கிட்டு எங்க நடக்கறது? இத்தன நாள் உக்காந்தாச்சு, இன்னும் கொஞ்சம் உக்காந்தா இடுப்பு ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். அவர் பதில் அவ்வளவுதான்.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் கூலி கொடுத்ததில்லை, உண்மை. ஐம்பது என்று கோடு போட்டவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவனை நினைக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் கழுத்தில் கயிறு விழுந்தால் கயிறு போட்டவனிடம் போய்க் கேட்க வேண்டும். கீழே நிற்கிறவள் தோளை மிதித்துத் தப்பிக்கக் கூடாது. நீ யாரிடம் போனாய்? கொள்முதல்காரர் ஒரு தடவை சிரித்ததும் திரும்பி வந்துவிட்டாய். மெஷின் முன்னால் நிற்பவர்களிடம்தான் உனக்குத் தைரியம் வந்தது.

அதனால் இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

அரசாங்கம் ஐம்பதையும் முப்பதையும் அழிக்க வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் அந்த ஒரு மணிக்கு உரிய பங்கை அவர் முதலாளி கட்டட்டும். ஒரு ஆள் வைத்திருந்தாலும் சரி, ஆயிரம் ஆள் வைத்திருந்தாலும் சரி. முடியாத சின்னப் பட்டறைக்கு அரசாங்கம் பாதி போடட்டும். அப்புறம் யார் சுவர் கட்டுவார்கள், யார் கார்டுப் பெட்டியை ஒளித்துவைப்பார்கள்? இதை எழுதி எங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்புவேன்.

மருந்துக் கம்பெனி மூடிக்கு விலை ஏற்றித் தர வேண்டும். நீயும் எதிர்ப்பட்டறைக்காரரும் ஒன்றாகப் போய்க் கேட்க வேண்டும். இரண்டு பேரும் மூடி தரமாட்டோம் என்றால் அவர்கள் மருந்தை உள்ளங்கையிலா ஊற்றிக் கொடுப்பார்கள்? அவர் முதலில் அந்தப் பலகைச் சுவரை எடுக்கட்டும். அவர் மச்சினனுக்கும் முதலாளி வேஷம் போட்டு அலுத்திருக்கும்.

கால்குலேட்டர் ஆறு பேருக்கும் போன மணி நேரத்தைத் திருப்பி எழுத வேண்டும். எங்கள் மடிப்புப் பெண்கள் விசாரணையில் வந்து, நாங்கள் வந்து கார்டு அடிக்கும்போதே இவர்களும் உருளையில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள் என்று சொல்ல வேண்டும். நான்கு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பயப்படுகிறவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரியிடம் என் கடிதங்கள் எல்லாவற்றையும் நீ கொடுக்க வேண்டும். அவள் படிக்கட்டும். அவள் சந்தோஷப்பட்டதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

நீ கார்டுப் பெட்டியை வாசலில் மாட்ட வேண்டும். நாளைக்கே. அப்பா பெயரில் போட்ட ஒழுங்கை, ஆட்களை அதே மாதிரி நிற்கவைத்து, அப்பா அப்படிச் சொல்லவில்லை என்று நீயே சொல்லி எடுக்க வேண்டும். ஏழாம் மெஷின் பெண்ணிடம் தனியாகப் போக வேண்டும். கையில் ஓர் ஆரஞ்சாவது கொண்டு போ.

அப்புறம் அந்த ஒரு பக்கம். இரண்டு பிரதி எழுது. ஒன்று எனக்கு, ஒன்று உன் பட்டறைச் சுவருக்கு.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முப்பதாம் தேதி அதிகாரி அம்மா மறுபடி கேட்பார், இந்த வழக்கம் வேறு எங்காவது இருக்கிறதா என்று. நீ பெட்டியை மாட்டியிருந்தால், ஒரு இடத்தில் இருந்தது, அந்த முதலாளி தானே நிறுத்திவிட்டார், இதோ அவர் கையெழுத்து என்பேன். மாட்டவில்லை என்றால் இருக்கிறது என்பேன். எங்கே என்று கேட்டால் தெருவையும் சொல்வேன். தம்பி என்று பார்க்க மாட்டேன். தம்பி என்பதால்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

உன் அத்தானுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். முப்பதாம் தேதி வரைக்கும் தபால்காரர் கீழே நின்று குரல் கொடுத்தால், என்ன வந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கடிதம் என்றால் கூடையை இறக்க வேண்டும். பணம் என்றால் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.

அக்கா